அரைக்கம்பத்தில் ஒரு தீவு

என் தீவில் ஒரே ஒரு பஸ்தான் உண்டு. சாலையும் ஒன்றுதான், துறைமுகத்தில் தொடங்கிக் கலங்கரை விளக்கத்தில் முடிந்துவிடும். நடுவில் ஒரு வளைவு, அந்த வளைவில் ஒரு வீடு. மற்றபடி உப்பளம், ஒரு சின்னப் பள்ளிக்கூடம், காயப்போட்ட வலை, காற்று. மேப்பில் பார்த்தால் கொசு உட்கார்ந்து எழுந்துபோன இடம் மாதிரி ஒரு புள்ளி.

இதெல்லாம் விளையாட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குக் கடலோரத்தில் சொத்து இருப்பதாக நினைத்துக்கொண்டு உறவு கொண்டாட வந்துவிடுவீர்கள். இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஆளுக்கொரு நாடு. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலைக்குள், அவரவர் நாட்டிலிருந்து அரசாங்க அறிக்கை மாதிரி ஒன்றை எழுதிப் போட வேண்டும். பாலம் கட்டினோம், வரியைக் குறைத்தோம், பக்கத்து நாட்டுத் தூதரை மூட்டை கட்டி அனுப்பினோம் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். நடுவர் என்று ஒருவர் இருக்கிறார். எது நடந்தது, எது வெறும் வாய்ச்சவடால் என்று அவர் தீர்ப்புச் சொல்லி மேப்பைத் திருத்துவார். அறிக்கை வராத நாடு தூங்கும் நாடு. தூங்கும் நாட்டை யார் வேண்டுமானாலும் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கிடங்கில் என்னோடு வேலை பார்த்த ஒருத்திதான் என்னை இதில் சேர்த்துவிட்டாள். அவளிடம் தங்கச் சுரங்கத்தோடு ஒரு மலைநாடு இருந்தது. கல்யாணமானதும் வேலையை விட்டாள், மலையையும் விட்டாள். பந்திக்குப் பிந்தி வந்தவள் நான். மிஞ்சியிருந்தது அந்தப் புள்ளி ஒன்றுதான். எண்ணெய் கிடையாது, தங்கம் கிடையாது, உப்பு மட்டும் கொட்டிக் கிடந்தது. குழுவில் என்னை உப்பு ராணி என்பார்கள்.

என் கணவர் டவுன் பஸ் டிரைவர். நான் போனும் கையுமாக உட்கார்ந்தால் அவருக்குக் கிண்டல் தாங்காது. "மகாராணி, உங்க நாட்டுல இன்னிக்கு உப்பு என்ன விலை?" என்பார். ஒருநாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு நிஜமாகவே கோபப்பட்டார்.

"ரோடு போட்டிருக்க. பஸ் எங்க?"

"சின்ன தீவுங்க. நடந்து போயிடலாம்."

"நடந்தே சாகணுமா ஜனங்க? உப்பு மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு? நாடுன்னு ஒண்ணு இருந்தா ஒரு பஸ்ஸாவது வேணாமா?"

அந்த வாரமே பஸ் விட்டேன். டிரைவர் யார் என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். சம்பளம்? உப்பு. லீவு? கிடையாது. "சரி, நிஜ கம்பெனியும் இப்படித்தான்" என்று சொல்லி வேலையை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு ரூட். ஊரில் ஓட்டிவிட்டு வந்து, டீயைக் குடித்தபடி, தீவில் நடந்ததைச் சொல்வார். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஆடு குறுக்கே வந்துவிட்டதாம். உப்பளத்தில் ஏறிய ஒரு அம்மா குடையை மறந்துவிட்டு இறங்கியதாம், பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கொடுத்தாராம். நான் அதையெல்லாம் அறிக்கையின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவேன். படை நடமாட்டத்தையும் வரி விகிதத்தையும் தேடுகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் செய்தேன்.

தீவின் சாலையில் நான் வளைவு வைத்ததற்குக் காரணம், எங்கள் வீடு இருப்பதும் ஒரு வளைவில்தான். கடைசி டிரிப் முடிந்து டிப்போவுக்குப் போகும்போது அவர் பஸ் எங்கள் ஜன்னலுக்குக் கீழே திரும்பும். திரும்பும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். வளைவுக்கு ஒரு முறை அடித்தால் போதாதா என்று கேட்டேன். "ஒண்ணு சட்டத்துக்கு, ஒண்ணு டீக்கு" என்றார். அந்த இரண்டாவது ஹாரனுக்கு நான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருவதற்கும் டீ கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் வீட்டுக் கடிகாரம்.

தீவுக்குப் பக்கத்தில் இருப்பது எண்ணெய் நாடு. அதை வைத்திருப்பவர் யார், எந்த ஊர் என்றெல்லாம் எனக்குத் தெரியாது; எழுத்து மட்டும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். விளையாட்டில் ஒருமுறை புயல் வந்து தீவு மூழ்கியபோது அவர்தான் கப்பல் அனுப்பினார். இந்த உலகத்தில் சும்மா வருகிற கப்பல் ஏது? அடுத்த மாதமே துறைமுகத்தைக் கேட்டார். துறைமுகத்தோடு, அங்கிருந்து வளைவு வரைக்கும் உள்ள சாலையையும் கேட்டார். அவருடைய எண்ணெய்த் தொட்டிகளுக்கு அந்த இடம் வேண்டும். சுற்றிலும் வேலி போடுவார். வெளி வண்டிகள் உள்ளே வரக் கூடாது. பேசலாம் பேசலாம் என்று நான் தலையாட்டியதில் விஷயம் கையெழுத்து வரைக்கும் வந்துவிட்டது. ஒப்பந்தத்தை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அப்ப பஸ் எங்க திரும்பும்?"

"எங்கயாவது திரும்பிக்கோங்க."

"வளைவுல பஸ்ஸத் திருப்ப முடியாதும்மா. திரும்ப இடம் இல்லாத ரோட்டுல பஸ் விடவே முடியாது. கையெழுத்துப் போட்டேன்னா என் வேலை போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "வேற வழி இருக்கான்னு பாரு" என்று மறுபடி சொன்னார்.

அந்த வாரம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. லீவு நாள், ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் நுரையோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு நாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். அவர் அதை இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற நாத்தனார், என் கணவரின் அக்கா, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தினார். நான் டாக்டரிடம், "சரிங்க" என்றேன். வேறு ஊசி போட்டுப் பார்க்கிறோம் என்று அவர் சொன்ன மாதிரி, சரிங்க என்றேன்.

கையில் போன் அதிர்ந்தது. நடுவர். "உப்பு ராணி, தீவிலிருந்து அறிக்கை வரவில்லை. இன்று மாலை கடைசி. எண்ணெய் நாட்டு ஒப்பந்தமும் இன்றுதான்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். 'தீவில் துக்கம். கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கும். துறைமுகம் மூடப்படுகிறது. பஸ் ஓடாது. எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாது.' அனுப்பினேன். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, நாத்தனாரைத் தூக்கி நிறுத்தி, அவருக்குத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தேன்.

துக்கம் அறிவித்த நாட்டின்மேல் யாரும் படையெடுக்கக் கூடாது, ஒப்பந்தத்துக்கு நெருக்கக் கூடாது என்று விளையாட்டில் ஒரு பழைய விதி இருந்திருக்கிறது. யாரும் அதைப் பயன்படுத்தியதே இல்லை. சத்தியமாக எனக்கும் அது நினைவில் இல்லை. எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு குழுவைத் திறந்து பார்த்தால் ஒரே கொண்டாட்டம். "செம மூவ்!" "எண்ணெய்க்காரர் மூக்கை உடைச்சுட்டாங்க ராணி!" "இந்த மூளைக்கு உப்பு மட்டும் குடுத்தது அநியாயம்." எண்ணெய் நாடும் பெரிய மனசு பண்ணி, 'சாமர்த்தியத்தை மதிக்கிறோம்' என்று ஒரு குறிப்புப் போட்டிருந்தது. நான் எல்லாவற்றையும் படித்தேன். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. நான் அழவில்லை. வீம்புக்கு அழாமல் இருக்கவில்லை, வரவில்லை. வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஒருத்தி என் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, "அழுதுடும்மா, அழுதுடு" என்று, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தி சமையலறையில், "கல்லுளிமங்கி" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நாத்தனார் மட்டும் ஊருக்குப் போகாமல் என்னோடு தங்கினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர் அழுததற்கு அளவே கிடையாது. தம்பியின் பல் துலக்கும் பிரஷைப் பார்த்து அழுவார், செருப்பைப் பார்த்து அழுவார், பால்காரர் மணியடித்தால் அழுவார். எனக்கும் சேர்த்து அவரே அழுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குத் திரும்பினேன். ஆன்லைனில் வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் சாமான்கள் வந்து குவியும் கிடங்கு அது. பெட்டியைப் பிரிக்க வேண்டும், திருப்பியதற்கு என்ன காரணம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு மூன்று தொட்டிகளில் ஒன்றில் போட வேண்டும்: மறுபடி விற்கலாம், சரிசெய்து விற்கலாம், தூக்கிப் போடலாம். ஒருநாள் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை வந்தது. நீலக் கட்டம் போட்டது, அவருடைய அளவு. அவரிடம் இதே சட்டை இருந்தது. பக்கத்து மேஜைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"நீ வேணா வேற டேபிளுக்கு மாறிக்கோம்மா."

"எதுக்கு சார்? சட்டை நல்லாத்தான் இருக்கு." பட்டன்களை எண்ணினேன், காலரை நிமிர்த்தினேன், முதல் தொட்டியில் போட்டேன். என்னை எந்தத் தொட்டியில் போடுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அடுத்த பெட்டி.

சாயங்காலம் வீட்டில் இருக்கும்போது அந்த பஸ் வரும். அதே ரூட், அதே வண்டி. புது டிரைவர் வளைவில் ஒரே ஒரு முறை ஹாரன் அடிக்கிறார். சட்டத்துக்கானது மட்டும். நான் அதற்குள் எழுந்து அடுப்பு முன்னால் போய் நின்றிருப்பேன். கால் தானாகப் போயிருக்கும். நின்றுகொண்டே இருப்பேன். அண்ணி பார்த்துவிட்டு, "பத்த வைக்கிறதுன்னா வை, இல்லன்னா நகரு. அடுப்ப மறிச்சுக்கிட்டுத் தினமும் என்ன தவம்?" என்பார். நகர்ந்துவிடுவேன்.

தீவில் மட்டும் பஸ் ஓடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே வரி எழுதினேன்: 'துக்கம் தொடர்கிறது.' அது தொடர்கிற வரைக்கும் துறைமுகத்தில் வேலி வராது, பஸ் திரும்புகிற இடம் அப்படியே இருக்கும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும், டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போயிருப்பதாக யாராவது நினைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த உலகத்தில் காப்பாற்றிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? நல்ல வித்தை ஒன்று கிடைத்தால் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். கால்வாய் வழக்கில் தோற்கப்போன பாலைவன நாடு திடீரென்று துக்கம் அறிவித்தது. போரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தளபதி நாடு பாதி வழியில் நின்று கொடியை இறக்கியது. ஒருவர் அரண்மனைப் பூனைக்காக இறக்கினார். இன்னொருவர் காரணமே சொல்லாமல், 'ராணி வழியில் நாங்களும்' என்று எழுதினார். ஒரு மாதத்துக்குள் பாதி உலகம் அரைக்கம்பத்தில் நின்றது. செத்தவர் யாருமே இல்லாத ஊரில் அத்தனை கொடி.

நடுவருக்குப் பொறுமை போய்விட்டது. புது விதி போட்டார். 'துக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு நாடும் வரும் சனிக்கிழமைக்குள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இறந்தவர் யார்? அவர் நாட்டுக்குச் செய்த வேலை என்ன? அந்த வேலையை இனிமேல் யார் செய்வார்கள்? பதில் இல்லையென்றால் துக்கம் ரத்து. நிறுத்தி வைத்த ஒப்பந்தங்கள் அன்றே அமலுக்கு வரும்.' எண்ணெய் நாடு உடனே கீழே எழுதியது: 'வேலிக் கம்பிகள் கப்பலில் ஏறிவிட்டன.'

அந்த வாரம் முழுக்க மூன்று கேள்விகளும் என்னோடு கிடங்குக்கு வந்தன, திரும்பி வந்தன. இறந்தவர் யார் என்று நான் இதுவரைக்கும் ஒரு இடத்திலும் எழுதியதில்லை, ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. எல்லாருக்கும் அண்ணிதான் போன் பண்ணிச் சொன்னார். கிடங்கிலும் அவரே சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணி வெடித்தார். நான் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தம்பி போயிட்டான். நீ என்னடான்னா போன்ல விளையாடிக்கிட்டிருக்க."

"ஆமா அண்ணி."

"ஆமாவா? அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா உனக்கு? அந்தப் போன்ல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒரு தீவு இருக்கு அண்ணி. அது போயிடும் போல இருக்கு."

என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பைத்தியத்திடம் பேசி என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு பார்வை. "நாளைக்கு சாயங்கால வண்டிக்கு நான் ஊருக்குப் போறேன். இனிமே இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் அண்ணி துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன்.

'இறந்தவர்: தீவின் பஸ் டிரைவர். செய்த வேலை: பஸ் ஓட்டினார்.' மூன்றாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. இரண்டு வரியையும் அனுப்பி வைத்தேன்.

உடனே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. பூனைக்கே பரவாயில்லை என்றார் ஒருவர். எண்ணெய் நாடு முறைப்படி ஆட்சேபித்தது: 'ஒரு பஸ் டிரைவருக்குத் தேசிய துக்கமா? இது விதியைக் கேலி செய்வது. ரத்து செய்யக் கோருகிறோம்.'

கோபம் வந்தது. வந்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது; மரத்துப்போன காலில் முதலில் எறும்பு ஓடுமே, அந்த மாதிரி வந்தது. விறுவிறுவென்று எழுதினேன்.

'ஆமாம், பஸ் டிரைவர்தான். அரசர் போனால் இன்னொரு அரசர் வருவார், உங்கள் நாட்டில் வாரத்துக்கு ஒருவர் வருகிறார். எங்கள் தீவில் ஒரே ஒரு பஸ். அது ஓடினால்தான் உப்பு துறைமுகத்துக்குப் போகும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். ஓடி வருகிற ஆளைப் பார்த்துவிட்டு அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. மறந்துபோன குடையை ஓடிப்போய்க் கொடுப்பார். ஆட்டுக்குக்கூட நிறுத்துவார். போன அறிக்கைகளின் கடைசி வரிகளைப் படியுங்கள், எல்லாம் இருக்கிறது. உங்கள் வேலி வந்தால் பஸ் திரும்ப இடம் இருக்காது என்று முதலில் கவலைப்பட்டவரும் அவர்தான். அவர் என் கணவர். நான் துக்கம் அறிவித்த அந்தச் சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில், நிஜமாகவே இறந்துபோனார்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து அறையில் அண்ணி பையின் ஜிப்போடு மல்லுக்கட்டுவது கேட்டது. நான் எழுந்து போய், பையின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜிப்பை இழுத்தார்.

திரும்பி வந்து பார்த்தபோது குழுவில் சிரிப்பு முகங்கள் ஒன்றுகூட இல்லை, அழித்துவிட்டிருந்தார்கள். பாலைவன நாடு எழுதியிருந்தது: 'எங்கள் துக்கம் பொய். முடித்துக்கொள்கிறோம். கொடியை முழுக்கம்பத்துக்கு ஏற்றுகிறோம்.' அதற்குக் கீழேயே அடுத்த வரி: 'தீவின் பஸ் டிரைவருக்காக மறுபடி அரைக்கம்பத்துக்கு இறக்குகிறோம்.' தளபதி நாடும் அப்படியே செய்தது. பூனைக்காரரும் செய்தார். துக்கமே அறிவிக்காமல் இருந்த நாடுகளும் இறக்கின. ஒவ்வொன்றாக, மேப் முழுக்க, ஏற்றி இறக்கினார்கள்.

கடைசியில் எண்ணெய் நாடு. 'ஆட்சேபம் திரும்பப் பெறப்படுகிறது. துறைமுகச் சாலை பற்றிய பிரிவு ஒப்பந்தத்திலிருந்து நீக்கப்படுகிறது. பஸ் திரும்பும் இடத்தில் எங்கள் செலவில் ஒரு நிழற்குடை அமைக்க அனுமதி கோருகிறோம்.' அதே வக்கீல் நோட்டீஸ் நடைதான். அதற்குப் பிறகு தனியாக ஒரு வரி: "மன்னிச்சுக்கோங்க அம்மா. நான் அந்தக் கடைசி வரிகளைப் படிச்சதே இல்ல. இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன்."

எல்லாவற்றையும் படித்தேன். எல்லாருக்கும் நன்றி என்று எழுதினேன். தீவு தப்பித்துவிட்டது, பஸ் திரும்ப இடம் இருக்கிறது. நல்ல விஷயம்தான் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

நடுவர் எழுதினார். "ராணி, சொல்லக் கஷ்டமா இருக்கு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். மூணாவது பதில் இன்னும் வரலை. எப்ப முடியுதோ அப்ப எழுதுங்க, நான் காத்திருக்கேன்."

அந்த வேலையை இனிமேல் யார் செய்வார்கள்?

வேறு யாரையாவது போட்டுவிடலாம். என் கற்பனை ஊர்தானே, ஒரு டிரைவரைப் படைக்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அந்த ஆள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவான். நான் எழுதத் தொடங்கினேன்.

'இனிமேல் பஸ்ஸை நானே ஓட்டுவேன். காலையில் துறைமுகத்தில் எடுப்பேன். உப்பளத்தில் நிற்கும், பள்ளிக்கூடத்தில் நிற்கும். ஓடி வருகிறவர்களுக்காகக் காத்திருப்பேன். வளைவில் திரும்பும்போது, வழக்கம்போல, இரண்டு முறை ஹாரன் அடி'

அங்கே நின்றுவிட்டேன்.

வளைவில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கிறவள் நான். இரண்டாவது ஹாரனைக் கேட்டு அடுப்பைப் பற்றவைக்கிறவள் நான். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வீட்டில் யார் இருப்பார்கள்? நான் ஹாரன் அடிப்பேன், இரண்டு முறை அடிப்பேன். உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தால் வீடு பூட்டியிருக்கும், அடுப்பு குளிர்ந்திருக்கும். அவர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தெரியவில்லை, தூக்கிக்கொண்டு போனபோது தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பாதி எழுதிய ஒரு வார்த்தையில்தான் தெரிந்தது.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் குரல் மாதிரி இல்லை. பையைத் தோளில் மாட்டிக் கதவு வரைக்கும் போயிருந்த அண்ணி திரும்பி ஓடி வந்தார்.

"என்ன? என்ன ஆச்சு? என்னன்னு சொல்லு!"

"வீட்ல ஆள் இல்ல அண்ணி."

"எந்த வீட்ல?"

"நான் ஹாரன் அடிப்பேன் அண்ணி. ரெண்டு தடவ அடிப்பேன். கேக்குறதுக்கு வீட்ல ஆளே இல்ல அண்ணி." மூக்கிலும் கண்ணிலும் வழிந்துகொண்டிருந்தது; துடைக்கவும் தோன்றவில்லை.

அண்ணிக்குத் தீவும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது, மூன்றாவது கேள்வியும் தெரியாது. என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். நான் தினமும் எதிரே போய் நின்ற அடுப்பை. தோளிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"ஏன் ஆள் இல்ல? நான் இருக்கேன்ல? நீ அடி. அடுப்ப எப்பப் பத்த வைக்கணும்னு மட்டும் சொல்லு."

"ரெண்டாவது ஹாரனுக்கு அண்ணி," என்றேன். "முதல் ஹாரன் சட்டத்துக்கு."